உலக்கைப் பூணும் ஒரு கும்பப்பூவும்

இன்று காலை மகளின் எடை அட்டையைத் தேடிப் பழைய கோப்புகளைக் கவிழ்த்தபோது, எண்ணெய்த்தாள் உறை ஒன்று நழுவி விழுந்தது. பென்சிலில் உன் கையெழுத்து. மேலே தாய் நெல்லின் எண், கீழே தந்தை நெல்லின் எண், நடுவில் ஒரு பெருக்கல் குறி. உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் முகர்ந்து பார்த்தேன். காய்ந்த வைக்கோல் மணம் இருந்தது, அல்லது இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மூன்று வாரக் காய்ச்சலில் நீ போனபோது எனக்கு மாதம் நிறைந்திருந்தது. உன் ஊர் முட்டத்துக்கு வர என்னை யாரும் விடவில்லை. அடக்கத்துக்கு வராதவள் என்ற கூச்சத்தில் உன் அம்மாவிடம்கூட இன்னும் பேசவில்லை. இவ்வளவு பிந்தி உனக்கே எழுதுகிறேன்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்தோம். சுசீந்திரத்து வயல்காட்டில் வளர்ந்த நான் நெல்லைத் திரும்பிப் பார்த்ததில்லை. கடலோரத்திலிருந்து வந்த நீதான் நெல் ஆராய்ச்சிக்குப் போனாய். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "கடல் கோவிச்சா எங்க தெருவுல மூணு நேரமும் சோறும் புளித்தண்ணியுந்தான் மக்கா. மீனு இல்ல, முட்ட இல்ல. அந்தச் சோத்துக்குள்ளயே சத்து இருந்துட்டா?" அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வேலை கிடைத்தது உனக்கு. எனக்கு உன் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, இரண்டு வருடத்துக்கு.

சாயங்காலம் வயலில் குனிந்து, திறக்காத நெற்பூக்களின் தலையைக் கத்தரிக்கோலால் நறுக்குவாய். உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஊசி முனையால் எடுத்துவிட்டுக் கதிருக்கு உறை மாட்டுவாய். மறுநாள் வெயில் ஏறி மற்ற நெல் பூக்கும் நேரத்தில், தந்தைக் கதிரை அதன் மேல் பிடித்து உதறுவாய். ஒருநாள் பை நிறையச் சாளை மீனோடு உன் அப்பா அங்கே வந்துவிட்டார்.

"என்ன மக்ளே செய்யுத?"

"நெல்லுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கேன் அப்பா."

"நெல்லுக்கு முடிஞ்சுட்டு. உனக்கு எப்பம்?"

"மாப்பிள்ளைக்குத் துத்தநாகம் எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுகேன்."

அவருக்குப் புரியவில்லை, ஆனால் சிரித்தார். துத்தநாகம் என்ற சொல்லை எனக்கே நீதான் சோற்றோடு சேர்த்துச் சொல்லித் தந்தாய். பிள்ளைகள் வளரவும், வயிற்றுப்போக்கைத் தாங்கவும் வேண்டிய சத்து அது. அப்போது நீ தேடியது அதையும் இரும்பையும் சேர்த்துத்தான்.

இனி என் தப்புக்கு வருகிறேன். நாற்பது பொட்டலம் நெல்லை உமி நீக்கி அளவெடுக்க அனுப்ப வேண்டும், கையில் இரண்டு நாள்தான். ரப்பர் உருளை வைத்த சின்ன இயந்திரம் இருபத்தெட்டாவது பொட்டலத்தோடு நின்றுபோனது. நீ அன்று ஊரில் இல்லை. மீதிப் பன்னிரண்டையும் நான் வீட்டுக்கு எடுத்துப்போய், அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு உரலில் குத்திப் புடைத்து, எண் மாறாமல் கட்டிக் கொடுத்தேன். நீ வந்து என் கன்னத்தைக் கிள்ளினாய். "நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்!" என்றாய்.

முடிவு வந்தபோது அந்தப் பன்னிரண்டிலும் இரும்பு குதித்து நின்றது. உன் அதிகாரி எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். கும்பப்பூ சாகுபடிக்கு அந்தப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்கினோம். நாற்று நட்டு, பயிருக்குள் கதிர் திரண்டு பொதி கட்டும் நேரம். மதியச் சாப்பாட்டில் பாதியில் கையைக் கழுவிவிட்டு வந்து அளவு முடிவுத் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

"ஏட்டி, இந்தப் பன்னெண்டுக்கும் தாயும் வேற, தகப்பனும் வேற. இரும்பு மட்டும் எப்பிடி ஒண்ணு போல நிக்குது? மாமியும் மருமவளும் ஒரே குரல்ல பேசினா அங்க என்னமோ கள்ளம் இருக்கு. இத எங்க வச்சுக் குத்தின?"

"வீட்டுல. உரல்ல."

"கல்லுரலா?"

"கல்லுதான்."

"உலக்கைக்கு அடியில என்ன உண்டு?"

"பூணு," என்றேன். உலக்கையின் அடியில் இரும்புப் பூண் உண்டு. பிறந்ததிலிருந்து பார்க்கும் சாமான். அது அரிசியில் தேயும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

நீ என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாய். "நாம கண்டுபிடிச்சது புது நெல்லு இல்ல மக்கா, உங்க வீட்டு உலக்க!" சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அதிகாரியின் அறைக்குப் போனாய். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"நாங்க தப்பு பண்ணிட்டோம் சார்."

நாங்க என்றாய். குத்தியது நான். நீ அன்று ஊரிலேயே இல்லை.

"ஒரு பூ போச்சே," என்றார் அவர். நம் ஊரில் ஒரு சாகுபடியை ஒரு பூ என்போம். அதற்குள் உனக்கு அரை வருட உழைப்பு இருந்தது. லட்டு தின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாய். ஒதுக்கிய பொட்டலங்களையும் சேர்த்து மறுபடி விதைத்து, மறுபடி அளந்தாய். இரும்பு இறங்கிப்போனது. ஒரே ஒரு வரிசையில் துத்தநாகம் மட்டும் இரண்டு தடவையும் அசையாமல் நின்றது. "இது பொய் சொல்லாது," என்று அதைப் பிடித்துக்கொண்டாய். விவசாயிகளின் வயலில் அதைச் சோதிக்கும் கட்டம் வந்தபோது நீ இல்லை. அப்பாவிடம் சொல்லி எங்கள் வயலில் அரை ஏக்கர் போட வைத்தேன்.

இப்போது என் வீட்டைச் சொல்கிறேன். திருமணமாகிக் குழித்துறைக்கு வந்துவிட்டேன் அல்லவா? மகளுக்கு ஒரு வயது முடிந்ததிலிருந்து வயிற்றுப்போக்கு வந்து வந்து போனது. அங்கன்வாடி அட்டையில் அவள் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. அடுத்தது சிவப்பு. தூங்கும் பிள்ளையின் விலா எலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மருத்துவர் பதினான்கு நாளைக்குத் துத்தநாக மருந்து எழுதினார். அதே வாரம் அப்பா உன் நெல்லை அரிசியாக்கிக் கொண்டுவந்தார், அதிகம் தீட்டாமல்.

"ஆராய்ச்சி அரிசியயா பிள்ளைக்குக் குடுக்க?" என்றார் என் மாமியார். "நெல்லுக்கு ஊசி கீசி போட்டு வளத்ததாக்கும்."

"ஊசி போடல்ல மாமி. கத்தரிக்கோலு வச்சுப் பூவ வெட்டி, இன்னொரு பூவ உதறினது. நான் பக்கத்துல நிந்தேன்."

"நீ பக்கத்துல நிந்தியா? பின்ன எனக்குப் பயந்தான்," என்றார். ஆனால் மறுநாள் குழையக் கஞ்சி வைத்து, முதலில் தான் குடித்துப் பார்த்துவிட்டு ஊட்டியது அவர்தான்.

இன்று காலை மூவரும் அங்கன்வாடிக்குப் போனோம். டீச்சர் பிள்ளையைத் தராசில் வைத்தார். "பச்சையைத் தொட்டாச்சு அக்கா!" என்றார். மாமியார் அங்கேயே கைகூப்பினார். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததும் உன்னைப் போலவே பார்க்கத் தொடங்கிவிட்டேன். காலில் வெள்ளிக் கொலுசு, கையில் காப்பு, இடுப்பில் அரைஞாண்.

"டீச்சர், இதெல்லாம் கழத்திட்டு இன்னொரு தடவ வைப்போமா?"

"ஏட்டி, உனக்குப் பித்தா?" என்றார் மாமியார். "பச்சையில வந்தத நீயே மஞ்சளுக்குத் தள்ளுகியா?"

மூன்றையும் நானே கழற்றினேன். டீச்சர் பிள்ளையை மறுபடி தராசில் வைத்தார். எண் இறங்கியது. பச்சைக்கு ஒரு நூல் கீழே. டீச்சர் பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இதையே போடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை முட்டியது.

அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்த மாமியார் கேட்டார்: "போன மாசம் தூக்கினப்பளும் கொலுசு கெடந்துதே?"

"கெடந்துது மாமி."

"அதுக்கு முந்தின மாசமும்?"

"எல்லா மாசமும்."

"பின்ன எதுக்குக் கரையுத? மாசா மாசம் ஏறினது பிள்ளதானே? கொலுசா வளரும்?"

ஆய்வகத்தில் நீ சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. பன்னிரண்டு பொட்டலத்தில் மட்டும் ஏறியிருந்தால் பொய். எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஏறியிருந்தால், வித்தியாசம் மெய். எழுத்துக் கூட்டி வாசிக்கும் மாமியார் இதை எனக்கு அங்கன்வாடி வாசலில் சொல்லித் தந்தார். அழுகையோடு சிரித்துவிட்டேன்.

திரும்பும் வழியில், "அரிசியா, மருந்தா, எது பிடிச்சது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இரண்டையும் கொடுத்தோம், தண்ணீரையும் கொதிக்க வைத்தோம். உன் அரிசிதான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். சொன்னால் நீயே ஒத்துக்கொள்ள மாட்டாய். மருந்து எப்போதோ முடிந்துவிட்டது, கஞ்சி நிற்கவில்லை. அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும். வரும் கன்னிப்பூ சாகுபடிக்கு ஒரு ஏக்கராகப் போடச் சொல்லி அப்பாவுக்குப் போன் செய்துவிட்டேன்.

இனி மாதாமாதம் வெறும் உடம்போடுதான் நிறுப்போம். முன்பெல்லாம் மஞ்சளைக் கண்டால் அட்டையை மடக்கி வைத்துவிடுவேன். இன்றைய புள்ளியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். வெள்ளி கலக்காத, முழுக்க முழுக்க என் பிள்ளையின் புள்ளி அது. உன் அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை முட்டம் வருகிறேன், மகளையும் தூக்கிக்கொண்டு. வராமல் போனதற்கு என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். யார் விடவில்லை, எவர் தடுத்தார் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. நாங்க தப்பு பண்ணிட்டோம் அம்மா என்று சொல்வேன்.