சாக்குத் திரைக்குப் பின்னால் ஆகும் நேரம்

கடைசி பஸ்ஸை ஓட்டிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இருபத்தாறு நாளாகிறது. வீட்டுத் தரையில் நாம் அடுப்புக்கரியால் போட்ட சாலைகள் இன்னும் அழியவில்லை. அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுகிறாள். நான் அழிக்கவும் இல்லை, கிட்டே போகவும் இல்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதை உங்களிடம் முன்பே சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எல்லோரும் மழையால் பஸ் பிந்தியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். யாரிடமும் பேச வராது. ஆனால் நீங்கள் வேலை முடிந்து வந்து, எந்த பஸ் எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று சொல்லச் சொல்ல, எனக்கு எல்லாம் கண்முன்னே ஓடும். ரப்பர் கொட்டைகள் பஸ்கள். புளியங்கொட்டைகள் ஆட்கள். ஒரு விரல் அகலம் ஐந்து நிமிடம். சபாக்கிலிருந்து ஒன்று, ரவாங்கிலிருந்து ஒன்று, கோலா சிலாங்கூரிலிருந்து உங்களுடையது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நகர்த்துவேன். எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்று பஸ் கிளம்பும் முன்பே தரையில் தெரிந்துவிடும்.

"கம்பெனிக்காரன் கண்ணுக்குத் தெரியாதது எம்மவ கண்ணுக்குத் தெரியுது பாரு" என்று அம்மாவிடம் சொல்வீர்கள். அம்மா, "அப்ப அவளையே மேனேஜரா வைக்கச் சொல்லுங்களேன். சோறு ஆறுது, வாங்க" என்பாள்.

சபாக் பஸ்ஸில் வருகிறவர்கள் உங்கள் ஐந்தரை மணிக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுக் கோலா சிலாங்கூர் கடைவாசலில் படுத்துக் கிடப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை. இருபது நிமிடம் தள்ளி எடுத்தால் என்ன என்று கேட்டீர்கள். நகர்த்திப் பார்த்தேன். ஓட்டத்துக்கு முக்கால் மணி, ஈஜோக் பக்கத்துச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கித் தடவிப் பார்க்கக் கால் மணி. ஏழு மணிக்கு ஊரடங்கு தொடங்கி எஸ்டேட் கம்பிவேலிக் கதவு மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே உங்கள் கொட்டை உள்ளே வந்துவிட்டது.

அப்போது நீங்கள் கேட்டீர்கள். "ஏம்மா, சாவடியில பொம்பளைங்க அந்தச் சாக்குத் திரைக்குப் பின்னால போறாங்களே. அங்க ரொம்ப நேரமாகுதா?"

"இல்லப்பா. ஆம்பளைங்க மாதிரிதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தத் திரைக்குப் பின்னால் நடப்பதை உங்களிடம் சொல்ல வெட்கம். ஆண்களைச் சோதிக்க நான்கு பேர். பெண்களுக்கு ஒரே ஒரு அம்மாள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி ஒளித்துக் கொண்டுபோகிறோமா என்று ரவிக்கைக்குள்ளும் பார்ப்பாள். ஒருத்தி வெளியே வந்தால்தான் அடுத்தவள் உள்ளே போகலாம். எனக்கு அது தெரியும். நானே அங்கே நின்றிருக்கிறேன். தெரிந்துகொண்டே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நேரக் கணக்கில் புளியங்கொட்டையை வைத்தேன்.

நாம் சொன்னபடியே கம்பெனி நேரத்தை மாற்றியது. சாதாரண நாட்களில் பஸ்ஸில் ஆண்கள்தான் அதிகம், சரியாக வந்தீர்கள். சம்பளம் போட்ட ஞாயிறு வந்தது. பஸ் நிறையப் பெண்கள். சாவடியிலேயே அரை மணிக்கு மேல் போய்விட்டது. நீங்கள் வந்தபோது கதவு மூடியிருந்தது. கைக்குழந்தைகளோடு அவர்களை வெளியே வைத்திருக்க மனமில்லாமல், மழையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பஸ்ஸுதாங்க, எஸ்டேட் பஸ்ஸு" என்று கத்திக்கொண்டே கதவை நோக்கி நடந்தீர்களாம். காவல்காரனுக்கு ஆள் மட்டும்தான் தெரிந்தது. குரல் எட்டவில்லை. சுட்டுவிட்டான்.

அந்தத் துப்பாக்கிச் சத்தம் வீட்டுக்குள் எனக்குக் கேட்டது, அப்பா. அது உங்களுக்கானது என்று நினைக்கவில்லை. நீங்கள் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் முப்பதாம் நாள் பூசையை வருகிற ஞாயிறுக்கே வைத்திருக்கிறார்கள். பங்குச் சாமியார் மூன்று மணிக்குத்தான் வருகிறார். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் கோலா சிலாங்கூர் மாதா கோயிலுக்குப் போகிறார்கள், அம்மாவும் தங்கச்சியும்கூட. பூசை முடிந்து சாமான் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்பலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அதே பஸ். அதே நேரம். அதே சாவடி. அந்த பஸ் ஏழு மணிக்குள் வராது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று பஸ் ஆபீசுக்குத் தனியாகப் போனேன். மேசைமேல் கொட்டைகளைப் பரப்பினேன். கணக்கு எழுதும் கிராணி சிரித்தார்.

"என்ன லா, பல்லாங்குழி ஆட வந்தியா? அருளப்பன் மவதானே நீ? வாயில்லாப் பூச்சின்னு சொல்வாரே."

நான் நகர்த்திக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. "அன்னிக்கு மழை, அதான் லேட்டு" என்றார். வேறு வழியில்லை. "மழை இல்லைங்க" என்று ஆரம்பித்து, உங்களிடம் சொல்லாத அத்தனையையும் அந்த அந்நிய மனிதரிடம் சொன்னேன். ரவிக்கைக்குள் கைவிடுவது வரைக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "இத அப்பாகிட்ட சொல்லலியாம்மா?"

"இந்த ஞாயித்துக்கிழமை கடைசி பஸ்ஸை முன்னாலயே எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். "ஆனா இந்த ஞாயித்துக்கிழமைக்கு முடியாதும்மா. போலீஸ் கையெழுத்து வேணும். அடுத்த மாசமாகும்." கொட்டைகளை அவரே பொறுக்கி என் பையில் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாளாக நடு இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அம்மாவிடம் சொன்னால் என் முகத்தை அதற்குப் பிறகு பார்ப்பாளா? சொல்லாவிட்டால் அந்தக் கதவுக்கு வெளியே அவளே நிற்பாள்.

அதனால் ஒன்று சொல்கிறேன், அப்பா. இந்தக் கடிதத்தை முதலில் அம்மாவிடம் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாலரை மணி பஸ்ஸில் ஏற்றுவேன். திட்டட்டும். சாமான் வாங்க விடவில்லை என்று கையை உதறட்டும். கடைக்குள் போனவர்களைக் கடைக்குள் போய்க் கூப்பிடுவேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன்.

உங்கள் ரப்பர் கொட்டை, நீங்கள் வந்ததும் உள்ளே தள்ளலாம் என்று அன்றைக்கு நான் விட்ட இடத்திலேயே, கரிக்கோட்டுக் கதவுக்கு வெளியே கிடக்கிறது. கடைசிப் பெண்ணும் வேலிக்குள் வந்த பிறகு, வீட்டுக்கு வந்து அதை நானே உள்ளே தள்ளிவைப்பேன்.

உங்களிடம் வாய் திறக்காத மகள்,
சவரியம்மா