இத்தம்போ ஆற்று மணல்

இத்தம்போ
பிப்ரவரி 6

கமேனேயின் அப்பாவுக்கு,

நானும் மகளும் ஆடுகளும் சுகம். உங்கள் உதவியாளரும் சுகமாகத்தான் இருக்கிறார் என்று தெரியும். எப்போது ஃபோன் செய்தாலும் அவர்தானே பேசுகிறார். "சார் மீட்டிங்ல இருக்காரு" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இந்தக் கடிதத்தை பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் அனுப்பிவைத்த விருந்தாளிகள் செவ்வாய்க்கிழமை வந்தார்கள். நம் மணல் அணையைப் பார்க்க அத்தனை கார்கள். ஆற்றுக்குக் குறுக்கே பெண்கள் கல் சுமந்து கட்டிய சுவர், சுவருக்குப் பின்னால் மழையோடு வந்து படிந்த மணல், அந்த மணலுக்குள் வெயில் தொடாமல் ஒளிந்திருக்கும் தண்ணீர் என்று, இந்த வார்டின் காலநிலை அலுவலராக லட்சணமாக விளக்கினேன். பெண்கள் குழுவின் தலைவி கட்டுங்கே அத்தை மணலைக் கையால் தோண்டி, ஊறி வந்த தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் மொண்டு நீட்டினாள். ஒருவரும் வாய் வைக்கவில்லை. காரிலிருந்து பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, காலிப் பாட்டில்களை ஆற்றிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் பொறுக்கினோம். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன, நெஞ்சில் 'காலநிலை நாயகர்' என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டே பொறுக்கினோம்.

இன்னொன்று. போன வாரம் இரண்டு லாரிகள் ஆற்றில் இறங்கி மணல் அள்ளிப் போயிருக்கின்றன. மணல் போனால் தண்ணீரும் போயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டத்துக்கே காலநிலைத் துறை இயக்குநர் நீங்கள். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமையாவது வாருங்கள். மாம்பழம் தீரப் போகிறது. மகள் கேட்கிறாள். நானும்தான்.

உங்கள்
வயுவா

* * *

தலைமையகம்
பிப்ரவரி 15

என் அன்பு வயுவாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நம் கல்யாணத்தன்றே ஆட்டுக்கறியில் உப்பில்லை என்று சொன்ன ஒரே மணப்பெண் நீதான். இன்னும் மாறவில்லை.

விருந்தாளிகளுக்குப் பரம திருப்தி. பாட்டிலை விடு, பெரிய காரியத்தைப் பார். இங்கே நம் 'காலநிலை மையம்' மளமளவென்று எழும்பிக்கொண்டிருக்கிறது. மூன்று மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. வெயில் உள்ளே கொளுத்துகிறது என்று அறைக்கு அறை ஏசி வைக்கிறார்கள். இதற்கும் நீ சிரிப்பாய், தெரியும். ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று மாவட்ட ஆளுநர் திறந்து வைக்கிறார். அதற்கப்புறம் துறைச் செயலர் நாற்காலி எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது உன்னையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்வேன்.

லாரி விஷயம் போலீஸ் பார்க்க வேண்டியது. பேசுகிறேன். நீ போய் முன்னால் நிற்காதே.

மகளுக்கு முத்தம்.

உன்
முசெம்பி

* * *

இத்தம்போ
மார்ச் 9

கமேனேயின் அப்பாவுக்கு,

முன்னால் நிற்காதே என்றீர்கள். அதனால் உட்கார்ந்தேன்.

பட்டப்பகலில் வரிசையாக லாரிகள் வந்தன. நாங்கள் பெண்கள் பாதையில் உட்கார்ந்துவிட்டோம். முதல் லாரியை ஓட்டியவன் மக்காவ், அக்கரைக்காரன்தான். கண்ணாடியை இறக்கி, "அக்கா, எந்திரிங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு," என்றான்.

"எங்க புள்ளைங்க மட்டும் மண்ணைத் தின்னுமாடா?" என்றாள் கட்டுங்கே அத்தை. "உங்கம்மா இந்தத் தண்ணியில கூழ் காய்ச்சித்தான் உன்னை வளத்தா. மறந்துட்டியா?"

"என்னை ஏன் அத்தை திட்டுற? உங்க பெரிய மனுசன் முசெம்பியைக் கேளு. அவரு கட்டிடத்துக்குத்தான் இது போவுது. வாராவாரம் வந்து பாத்து, இன்னும் மணல் வரலியான்னு சத்தம் போடுறாரு. அக்காவுக்குத் தெரியாதாக்கும்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தைதான் மெதுவாக, "எந்திரி, வயுவா. வெயில் ஏறுது," என்றாள். லாரிகள் எங்களைத் தாண்டி இறங்கின.

அணையின் மணலை அள்ளிக் காலநிலை மையம் கட்டுகிறீர்களா? இதைவிட அசிங்கம் உண்டா? இல்லை, மக்காவ் பொய் சொல்கிறான் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு இந்தப் பெண்களின் முகத்தில் விழிப்பேன்.

வயுவா

* * *

தலைமையகம்
மார்ச் 20

வயுவா,

மக்காவுக்கு வாய் நீளம். ஆனால் உன்னிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். ஒப்பந்தக்காரர் அங்கேதான் அள்ளுகிறார். எனக்குத் தெரியும். மற்ற ஆறுகள் தூரம், அங்கிருந்து வரவழைத்தால் ஜூனுக்குள் கட்டிடம் முடியாது. விழா தள்ளிப்போனால் என் கதை முடிந்தது. ஆற்று மணல் மழையோடு வருவது, அடுத்த மழைக்குத் தானே நிரம்பிவிடும். அதுவரை தண்ணீர் லாரி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு மழைக்காலம் பொறுத்துக்கொள். யாருக்காக இவ்வளவு பாடுபடுகிறேன்?

ஒரு உதவி வேண்டும். திறப்பு விழாவில் நம் முவெத்யாப் பெண்கள், அணை கட்டிய அந்தக் கூட்டு வேலைக் குழு, பாட வேண்டும். மேடைப் பாட்டு வேண்டாம், கூட்டு வேலையின்போது கல் சுமந்துகொண்டே பாடுவார்களே, அதுதான். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அப்படிப்பட்டதுதான் பிடிக்கும். வரிகளை இங்கேயே டைப் அடித்து வைத்திருக்கிறோம். பஸ், புதுத்துணி, சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. நீ சொன்னால் கட்டுங்கே அத்தை கேட்பாள்.

உன்
முசெம்பி

* * *

இத்தம்போ
ஏப்ரல் 24

கமேனேயின் அப்பாவுக்கு,

தண்ணீர் லாரி ஒரே ஒரு தடவை வந்தது. பக்கவாட்டில் உங்கள் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

போன சனிக்கிழமை மழை கொட்டியது. உங்கள் ஆட்கள் சுவரின் அடிவாரம் வரைக்கும் வழித்து அள்ளியிருந்தார்கள். வெள்ளம் அங்கே புகுந்து அரித்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் நடுச்சுவர் படுத்துவிட்ட மாடு மாதிரி கிடக்கிறது. மழையோடு மணல் வரும் என்று எழுதினீர்கள். வந்தது. பிடித்துவைக்கச் சுவர் இல்லாததால் வந்த வழியே போய்விட்டது. கட்டுங்கே அத்தை அழவில்லை. காறித் துப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "உன்னை இல்லம்மா," என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது வெள்ளம் ஓடுகிறது. வெயில் வந்ததும் வற்றும். அப்புறம் மலையடி ஊற்றுக்குத்தான் நடக்க வேண்டும், கமேனே பிறப்பதற்கு முன்னால் நடந்தது போல.

பெட்டியிலிருந்த உங்கள் சட்டைகளைத் துவைத்து மடித்தேன். தொடக் கை கூசியது. ஒரு மனுஷனிடம் கோபம் வந்தால் அது என்றைக்காவது தணியும். அருவருப்பு வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விழாவுக்குப் பெண்கள் வருகிறார்களாம். நான் கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள்.

வயுவா

* * *

தலைமையகம்
ஜூன் 7

வயுவா,

திருப்திதானே உனக்கு?

ஆளுநர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பெண்கள் டைப் அடித்த பாட்டை நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடியிலேயே காகிதத்தைக் கீழே விட்டுவிட்டார்கள். "மணலு யாரு வீட்டுக்குப் போச்சு?" என்று ஒரு குரல் கேட்கிறது. "முசெம்பி வீட்டுக்கு," என்று அத்தனை பேரும் காலைத் தட்டிப் பதில் சொல்கிறார்கள். "தண்ணி யாரு வீட்ல இல்ல?" "முசெம்பி பொண்டாட்டி வீட்ல."

நம் ஆட்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்ன பாடுகிறார்கள் என்று ஒரு அம்மாள் என்னைக் கேட்டாள். நன்றி சொல்கிறார்கள் என்றேன். ஆளுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே செயலர் நாற்காலி போயிற்று.

கூட்டு வேலைக்கு வராதவன் பெயரைப் பாட்டில் கட்டி இழுக்கிற வழக்கத்தை நான் மறந்துபோனது என் முட்டாள்தனம். இத்தனை வருஷம் ஆபீசில் உட்கார்ந்தால் எதுதான் ஞாபகம் இருக்கிறது? ஆனால் உனக்குத் தெரிந்துதானே நடந்தது? அந்த அடியைக் கட்டியது யார்? பெயரைச் சொல். ஆளுநருக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுது, அறியாத பெண்கள் என்று. எழுதாவிட்டால் உன் வேலையைக்கூட என்னால் காப்பாற்ற முடியாது. நீ எனக்கு மனைவியா, அவர்களுக்கு மனைவியா என்பதையும் யோசித்துக்கொள்.

முசெம்பி

* * *

இத்தம்போ
ஜூன் 20

முசெம்பி அவர்களுக்கு,

அந்த அடியைக் கட்டியது நான். கடைசி வரிசையில் மறைந்து நின்று கேள்வி கேட்ட குரலும் என்னுடையதுதான். பதினோரு வருஷம் கூட வாழ்ந்த குரல் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதப் போவதில்லை. வேலையை எடுக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கத்தில் பாதிதான் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பாட்டில் பெயர் வந்தவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் போதும். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். உங்களைக் கூப்பிடத்தான் பாடினோம். மறுநாள் அத்தை சோளமும் பயறும் அவித்து உங்களுக்கென்று ஒரு தட்டை மூடி வைத்திருந்தாள். சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து, பிறகு ஆட்டுக்குப் போட்டாள். அதற்கப்புறம் வந்தது உங்கள் கடிதம், யார் பெயரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டு.

வியாழக்கிழமை சுவரை மறுபடி ஆரம்பித்தோம். வீட்டுக்கு இத்தனை கல் என்று, அங்குள்ள பெரிய ஆட்களை எண்ணிப் பங்கு வைப்பார்கள். உங்கள் பங்கையும் சேர்த்து இவ்வளவு நாளும் நானே சுமந்தேன். அது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கேட்டதுமில்லை.

இந்தத் தடவை அத்தை என் முன்னால் வந்து நின்று, "உங்க வீட்ல பெரிய ஆளு எத்தனை பேரும்மா?" என்று கேட்டாள்.

ஒருத்தி என்று சொன்னேன்.

வயுவா