கண்ணு பட்டுரும்லா

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கும் மறுத்துவிட்டார். மும்பையில் இந்தச் செம்பூர் ஆபீஸில் என்னை எடுத்ததே கட்டடக் கம்பெனிக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்தத்தான். இதுவரை போட்டது தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் வாழ்த்து. எல்லாவற்றிலும் முதலாளி ஞானசீலன் அங்கிள் கைகூப்பி நிற்கிறார். கோவண்டியில் எழும்பும் கட்டடத்தைக் காட்டலாம் என்றால், "முடியாத கட்டடத்தைக் காட்டப்பிடாதும்மா ஜெனிஃபர், கண்ணு பட்டுரும்லா" என்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பைபிள் வாசிக்கிற மனுஷன்! சைட் கேட்டில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குது. கேட்டால், வாட்ச்மேன் கட்டியதாம்.

மார்ச் 11, திங்கள்

"இந்த மாசம் இன்ஸ்டாகிராம்ல ஆளு சேரலன்னா பக்கத்த மூடிருவோம்" என்கிறார். பக்கத்தை மூடினால் எனக்கு அங்கே என்ன வேலை? படம் போடக் கூடாதாம், ஆள் மட்டும் சேரணுமாம். தண்ணியில இறங்காம நீச்சல்!

மார்ச் 14, வியாழன்

அங்கிளைக் கேட்காமலே சைட்டில் எடுத்த வீடியோவைப் போட்டுட்டேன்.

அல்தாப் அண்ணன், கடையநல்லூர்க்காரர், சாரம் கட்டுகிறவர். நோன்போடு சாரத்து உச்சியில் உட்கார்ந்து குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் பாத்துச் சிரிங்கண்ணே" என்றேன். "நம்ம மூஞ்சிய யாரு தங்கச்சி பாக்கப்போறா?" என்றார். ஆனாலும் விரலால் தலையைக் கோதிக்கொண்டார்.

மார்ச் 15, வெள்ளி

ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள்! மாட்டுங்காவிலிருந்து யாரோ கூப்பிட்டுப் பாராட்டினார்களாம், காலையில் அங்கிளுக்கு ஒரே பூரிப்பு. மத்தியானம் ஒரு கமெண்ட்: 'சேஃப்டி பெல்ட் எங்கே?' அதற்குக் கீழே அதே கேள்வி இந்தியில், மராத்தியில், வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 16, சனி

பக்கத்திலிருந்து வீடியோவைத் தூக்கியாச்சு. அங்கிள் என் போனை வாங்கி, அதில் இருந்ததையும் தன் கையாலேயே அழித்தார். அல்தாப் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "பெல்ட் போடாதவன் நமக்கு வேண்டாம்."

"சைட்ல பெல்ட்டே கிடையாதே அங்கிள்! சிரிக்கச் சொன்னது நான்லா, என்னைய நிறுத்துங்க!"

அவர் சத்தம்கூடப் போடலை. "நான் அப்பவே சொன்னேம்லா, கண்ணு பட்டுரும்னு."

கண்ணாம் கண்ணு! 'பெல்ட் எங்கே'ன்னு கேக்குற கண்ணு, அதுக்குத்தான இந்தப் பயம்? என் போன்ல இருந்ததையும் தேடி அழிச்சாரே, விவரம் தெரியாமலா இருக்கார்? நோன்பு மாசத்துல ஒரு மனுஷன் சோத்துல மண்ணு விழுந்தாச்சு, என்னால. வேலையை விட்டுரணும்னு இருக்கு. விட மனசு வரலை. அதுவும் கசக்குது.

மார்ச் 18, திங்கள்

கேட்டில் புது எலுமிச்சை. பெல்ட் வரலை.

ஏப்ரல் 11, வியாழன்

பெருநாள். அங்கிள் சொன்னபடி காலையிலேயே 'ஈத் முபாரக்' போட்டேன். கைகூப்பி நிற்கிறார்.

மத்தியானம் அல்தாப் அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். திட்டத்தான் போகிறார் என்று பயந்துதான் கேட்டேன். வாஷியில் வேலை கிடைத்துவிட்டதாம். "தங்கச்சி, அந்த வீடியோவக் கொஞ்சம் அனுப்புமா. வாப்பா போன்ல வந்தேன்னு சொன்னா மவ தமன்னா நம்ப மாட்டேங்கா. இன்னைக்கு ஊர்ல எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க, காட்டிக்கிடுவா."

என்னத்த அனுப்ப? என் போனிலும் இல்லை; இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருப்பது அங்கிள் மட்டும்தான்.

இன்னும் பதில் போடலை.