வேம்பு பறித்த கடிகைக்கு வாயில் அடைத்த ஓலை

நலமே சூழ்க. தண்பொருந்து நாட்டைத் தம் குடைநிழலில் காக்கும் அடலேற்று வேந்தரின் திருவுளப்படி, தலைமை அமைச்சன் பூதங்கீரன், மாணாக்கர்க்குக் கல்வி பயிற்றும் மருதவனக் கடிகையின் தலைவர் பேராசான் நல்லாதனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கடிகையில் விளக்கும் ஏடும் குறைவின்றி விளங்குக. மாணாக்கர் அனைவரும் உயிரோடிருப்பாராக. முன்னெல்லாம் இவ்வாழ்த்தின் பிற்பகுதியை எழுத வேண்டியிருந்ததில்லை.

பெருங்காய்ச்சல் ஊர்களைச் சுடுகாடாக்கிய ஆண்டில் உம் கடிகையே எமக்கு வழிகாட்டியது. உடல் கொதித்தவன் தன் அறைவாயிலில் வேப்பங்கொத்தைச் செருகி உள்ளே அடங்குவான். தோழர் சோற்றை வாயிற்படியில் வைத்து விலகுவர். ஒவ்வொருவனும் தன் குவளையில் மட்டுமே நீர் அருந்துவான். அதனால் பிழைத்தீர்கள். நோய் நீங்கியபின், காய்ச்சலே செத்தது, வேம்புக்கு இனி என்ன பிழைப்பு என்று மாணாக்கர் எள்ளுவதாகக் கேள்வியுற்றோம். இளங்கன்று பயமறியாது என்று அதைப் பொறுக்கலாம். தேர்வு வாதத்துக்கு வராதவன் பட்டம் இழப்பான் என்று விதி செய்த உம்மை என்னென்பது? அன்று முதல் காய்ச்சலுற்றவன் வேம்பு செருக அஞ்சினான். செருகியவன் வாயிலிலிருந்தும் நண்பர்களே அதைப் பறித்தெறிந்தனர். அதற்கு நட்பு என்று பெயரும் வைத்தனர்.

சென்ற முழுநிலவன்று எயினன் என்னும் மாணாக்கன் வேம்பு செருகிப் படுத்தான். பட்டம் போய்விடுமே என்று இரங்கிய தோழனொருவன் கொத்தைப் பறித்து, நெற்றிச் சூடு தெரியாதிருக்கச் சந்தனம் அப்பி, அவனைக் கைத்தாங்கலாக அவைக்கு அழைத்து வந்தான். எயினன் வென்றான். வெற்றிப் பானகம் ஒரே குவளையில் அவை முழுதும் சுற்றியது. இன்று எயினன் இல்லை. குடித்தவருள் பலர் பாயில் கிடக்கின்றனர். உம் மருத்துவர் எம் கோட்டைக்குள் வர மறுத்து, அகழிக்கு அப்பால் நின்றே இவற்றைக் கூவி உரைத்தார். கொத்தைப் பறித்தவன் என் மகன் சேந்தன் என்றும், அவனும் அக்குவளையில் குடித்தான் என்றும் உரைத்தார்.

ஆகவே ஆணை இது. இவ்வோலை உம் கைசேருமுன் படையினர் கடிகையை வளைத்திருப்பர். அரிசியும் மருந்தும் மதில்மேலிருந்து கயிற்றில் இறங்கும். உள்ளிருந்து எதுவும், மறுமொழி ஓலையும்கூட, வெளிவரலாகாது. வாத விதியை இன்றே நீக்குக. நோயுற்றோர் அறைதோறும் உம் கையாலேயே வேம்பு செருகுக. அமைச்சன் மகன் என்று சொல்லிச் சேந்தனை வெளியனுப்ப முயலற்க.

வேந்தர் பெயரால் யாளி முத்திரை இட்டேன். நாடு பிழைக்க இவ்வாணை நிற்க. மதிலேறுவோரை எய்யுமாறு வில்லவரை ஏவியுள்ளேன். அவர்கள் சேந்தனைத் தோளில் சுமந்து வளர்த்தவர்கள். கை தயங்குவர் என்பதால், அவன் பெயரையும் சொல்லியே ஏவினேன்.