பாம்பு பேசி முடித்ததும் பக்கத்தைத் திருப்பு

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் நல்ல பனி. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். கரும்பு லாரி சத்தத்தில் கடைக்குட்டி ஐந்து மணிக்கே எழுந்து அழுகை.

செய்ய வேண்டியவை: புதன்கிழமை தவக்காலம் தொடக்கம், புது சமையல் அட்டவணை. சார்ட் பேப்பர். நீல ஸ்கெட்ச் பேனா (தீர்ந்துவிட்டது). தட்டைப்பயறு ஊறப்போட. இரட்டையருக்கு முடி வெட்ட.

செபம் முடிந்ததும் வழக்கம்போல் ரோஸ்லின் ஸ்டூலில் ஏறி, அடுப்படிச் சுவரில் இருக்கும் அட்டவணையை வாசித்தாள். பூசையில் பைபிள் வாசகம் படிப்பதுபோல நிறுத்தி நிதானமாக. "திங்கள். காலை, சாமை உப்புமா. மதியம், கத்திரிக்காய் சாம்பார், அப்பளம். இரவு, ரசம்." உடனே எல்லோரும் சேர்ந்து, இறைவா உமக்கு நன்றி. இரண்டு வருடமாக இந்தக் கூத்து. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன குரல்!

நேற்று அன்பியக் கூட்டம், எங்கள் தெருக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து செபிப்பது. தவக்கால முதல் ஞாயிறு முதல் வாசகத்தை ஒரு பிள்ளை படிக்கட்டும் என்றார் ஃபாதர். என் பக்கத்தில் ஆரோக்கியமேரி டீச்சர். பார்க்கும்போதெல்லாம் அதே கேள்விதான்: "பசங்கள எப்ப ஸ்கூல்ல சேக்கப்போற, லூர்து?" கொரோனாவில் பள்ளி மூடியபோது வீட்டோடு நிறுத்தியது. திறந்த பிறகும் அனுப்பவில்லை. ஆறு பிள்ளைக்கும் நானே டீச்சர், நானே ஆயாம்மா, நானே மணி அடிப்பவள். நாலு வருடம் மெட்ரிக் பள்ளியில் பாடம் எடுத்தவளுக்கு இது முடியாதா என்ற திமிர். கேட்காமலே கையைத் தூக்கினேன். எங்க ரோஸ்லின் படிப்பா ஃபாதர்.

டீச்சர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இவர் வெள்ளிமலையிலிருந்து மதிய பஸ்ஸில் வந்தார். மேலே இரண்டு நாள் போர் மோட்டார் வேலை. ஒரு மூட்டை சாமை, ஒரு பாட்டில் தேன், கைலி முழுக்க கிரீஸ்.

புது அட்டவணை எழுதி முடித்தேன். நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. புதனும் வெள்ளியும் பெரியவர்களுக்கு ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். ஏழு கட்டம் நிரப்புவதற்குள் தலைவலி. கொள்ளு, தட்டைப்பயறு, மரவள்ளிக்கிழங்கு, சாமை, மறுபடி கொள்ளு. நீலம் கிடைக்காததால் பச்சையில் எழுதினேன். அழகாகத்தான் இருக்கிறது.

இரவுக்கு கோழிக் குழம்பு, இனி ஈஸ்டருக்குத்தான். கால் இரண்டுக்கும் சண்டை. ஒன்று ரோஸ்லினுக்கு, வாசகம் படிக்கப்போகிறவள் என்பதால். ஒரு தடவை படித்துக் காட்டு என்றேன். அப்புறம் படிக்கிறேன்மா என்றாள். சாப்பிட்டபின் கேட்டேன், அதே பதில். என்ன தைரியம் என்று பெருமையாக இருந்தது. பெருமை!

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை செபம் முடிந்து ஸ்டூலில் ஏறினாள். புது அட்டவணையைப் பார்த்தபடி, "புதன். காலை, இட்லி, சட்னி. மதியம், முட்டைக் குழம்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அது போன வாரத்து சமையல் என்றான் அந்தோணி. அவனுக்குப் பன்னிரண்டு வயது, தப்புக் கண்டுபிடிப்பதில் வக்கீல். விளையாடுகிறாள் என்று நினைத்து, ஒழுங்காகப் படி என்றேன். மறுபடி அதே ராகம், அதே இட்லி. சார்ட்டில் நான் எழுதியிருந்தது கஞ்சி, துவையல்.

'கஞ்சி' மேல் விரலை வைத்தேன். "இது இன்னா?"

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு, கஞ்சி என்றாள். திரும்பினேன். பெரியவள் ஸ்டெல்லாவின் உதடு அப்போதுதான் மூடியது.

ஸ்டெல்லாவை வெளியே அனுப்பினேன். 'துவையல்' மேல் விரல். ஒன்றும் இல்லை. 'மதியம்.' ஒன்றும் இல்லை. தினமும் அவள் வாயால் சொல்கிற சொல். நான் அறைந்தேன்.

பிறகு ஸ்டெல்லா அழுதுகொண்டே சொன்னாள். "அவளுக்கு எழுத்துக் கூட்ட வராதும்மா. நான் ஒரு தபா சொன்னா அப்டியே புடிச்சிக்குவா. இந்தப் புதுசத்தான் சொல்ல மறந்துட்டேன். உங்கையில சொன்னா நீ அடிப்பன்னு சொல்லல."

சாயந்தரம் கோயில். நெற்றியில் சாம்பல். எனக்கு முன்னால் ரோஸ்லின். அவள் கன்னத்தில் என் விரல் பதிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். பதியவில்லை. நல்லவேளை, யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. பிள்ளைக்கு வலித்ததா என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

பிப்ரவரி 19, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. காலை: சாமைக் கஞ்சி. மதியம்: கொள்ளு ரசம். யாரும் ஸ்டூலில் ஏறவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ரோஸ்லினைத் தனியாக உட்காரவைத்துப் பார்த்தேன். உயிர் எழுத்து முழுக்கத் தெரிகிறது. க, ச, ட, ப தெரிகிறது. கொம்பும் சுழியும் வந்தால் நின்றுவிடுகிறாள். ஆனால் நோட்டில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது! எல்லாம் ஸ்டெல்லாவின் நோட்டைப் பார்த்து வரைந்தது.

எப்படித் தெரியாமல் போனது? தெரியும், எப்படி என்று. பிள்ளைகள் கூடத்துப் பாயில், நான் அடுப்படியில். தாளித்துக்கொண்டே காதால் பாடம் நடத்துகிறேன். எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டுப் படிப்பார்கள். ஜெபமாலை, மன்றாட்டு மாலை, வாய்ப்பாடு, மனப்பாடச் செய்யுள், எல்லாம் ஒரே ராகம். அதில் ரோஸ்லின் குரல்தான் மேலே கேட்கும். கூட்டத்தோடு கோவிந்தா என்பார்கள். கத்தோலிக்க வீட்டில் சொல்லக்கூடாதுதான், ஆனால் நடந்தது அதுதான்.

பொட்டுக்கடலை வாங்கப் போனபோது பாய் கடையில் நூர்ஜஹான் அக்கா. ரோஸ்லின் ஏன் வரவில்லை என்றார். உடம்பு சரியில்லை என்று ஒரு பொய். அவர் கொஞ்சம் தயங்கி, "லூர்து, தப்பா நெனச்சிக்காத. அந்தப் புள்ள சாமான் சீட்ட எங்கையில குடுத்துட்டு, நீங்களே பாத்துக்கங்கன்னு நிக்கும். ஒரு நாளு சீட்ட தலகீழா புடிச்சிகினு நின்னுச்சி. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு இருந்துட்டேன்."

எப்போது என்று கேட்டேன். போன ரம்ஜானுக்கு முன்னாடி என்றார். ஒரு வருடமாகக் கடைக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். எந்த ஞாயிறு என்ன குழம்பு, எத்தனை படி சாமை, யாருக்கு என்ன காய் பிடிக்காது, எல்லாம் இருக்கிறது. ரோஸ்லின் இன்று இதைப் படித்தாள் என்று ஒரு வரி இல்லை.

இவரிடம் சொன்னேன். ஃபாதரிடம் சொல்லிவிடு, வேறு பிள்ளை படிக்கட்டும் என்றார். டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது என்றேன். சோற்றைப் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தார். "அப்ப டீச்சருக்காவா புள்ள படிக்கப்போவுது?"

சாப்பிட்டுவிட்டு சின்னசேலத்துக்கு மோட்டார் பார்க்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒருசந்தி. பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு, தேங்காய். குட்டிக்குப் பேதி, தேங்காய் கொடுத்திருக்கக் கூடாது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன். வாசகத்தை நானே வாயால் சொல்லிக்கொடுத்தேன். ஆண்டவர் மனிதனை மண்ணால் உண்டாக்குவது, தோட்டம், பாம்பு, பழம், கண் திறந்து இலையைத் தைத்துக் கட்டிக்கொள்வது, எல்லாம். நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை பிசகாமல் ஒப்பித்தாள். அந்த மூளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்கலாம்!

பிறகு, வீட்டிலிருக்கும் சின்ன வாசகப் புத்தகத்தை அவள் முன்னால் விரித்து, பார்த்துக்கொண்டே சொல் என்றேன். விரலை ஓட்டு என்றேன். அவள் முரண்டு பிடிக்கவில்லை, அழவும் இல்லை. சந்தேகம்தான் கேட்டாள். "பக்கத்த எப்பம்மா திருப்பணும்?"

"பாம்பு பேசி முடிச்சதும் திருப்பு."

சரி என்று தலையாட்டினாள். மூன்று தடவை ஒத்திகை. மூன்று தடவையும் சரியாகத் திருப்பினாள்.

சாயந்தரம் கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு. டீச்சர் வந்து, ஞாயித்துக்கெழம ரோஸ்லின் படிக்கிறாளாமே என்றார். ஆமாம் டீச்சர், ரெடி என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போகிறேன். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றைத்தான் இந்த வருடம் பக்கத்தில் உட்கார்ந்து நடத்தியிருக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

புழுக்கம். தலைக்கு ஊற்றும் நாள், எட்டுத் தலை. சீயக்காய் தீர்ந்தது. நாளைக்கு: தட்டைப்பயறு குழம்பு, பீட்ரூட் பொரியல். ரோஸ்லினின் வெள்ளை கவுனுக்குக் கொக்கி தைக்க வேண்டும்.

சாயந்தரம் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது யோசித்தேன். இதைச் சொன்னால் நாளைக்கு நிறுத்தச் சொல்வார் ஃபாதர். சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அது இன்னொரு பாவம். குட்டி அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். குட்டி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நாங்கள் மூன்றாவது பெஞ்ச். எனக்கு முன்னால் டீச்சர்.

ரோஸ்லின் போனாள். ஸ்டூல் போட்டிருந்தார்கள். பக்கத்தில், பூசையில் ஃபாதருக்கு உதவும் உபதேசியார். கணீரென்று ஆரம்பித்தாள், விரலை ஓட்டினாள். பின்னாலிருந்து யாரோ, யார் வூட்டுப் பொண்ணு என்று கேட்டது காதில் விழுந்தது. அதிலும் எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. வெட்கங்கெட்டவள்.

பாம்பு பேசி முடித்தது. ரோஸ்லின் பக்கத்தைத் திருப்பினாள்.

கோயில் புத்தகம் பெரியது. வாசகம் முழுக்க ஒரே பக்கத்தில் இருந்திருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை. ஏவாள் பழத்தைப் பார்ப்பதை அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், கண்ணுக்கு முன்னால் வேறு ஏதோ பக்கம். காற்றில் புரண்டுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, உபதேசியார் மெதுவாகக் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பி வைத்தார். ரோஸ்லின் சொல்வதை நிறுத்தவில்லை. மறுபடி திருப்பினாள். அம்மா சொன்னதாயிற்றே.

முன் பெஞ்சில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபாதர் நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சொல் தப்பாமல் முடித்தாள். இறைவா உமக்கு நன்றி என்று கோயிலே சொன்னது. என் வாய் திறக்கவில்லை.

பூசை முடிந்து வாசலில் ஃபாதர் அவள் தலையில் கை வைத்து, நல்லா சொன்னம்மா என்றார். என்னை அவர் பார்க்கவில்லை.

"ம்மா, நீ சொன்ன எடத்துலதான திருப்பினேன்?" என்றாள் ரோஸ்லின்.

ஆமாம் என்றேன். அதற்குள் டீச்சர் வந்தார். குரல் நல்லா இருந்திச்சி என்றார். அவ்வளவுதான் சொன்னார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். கேட்காததால் வார்த்தை தானாக வந்தது.

"அவளுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். நான் சொல்லிக்குடுக்கல. நாந்தான் ஏமாத்தச் சொன்னேன்."

டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "எங்கிளாஸ்லயும் இப்டிப் புள்ளைங்க இருக்குதுங்க லூர்து. நாங்களும் வெளில சொல்றதில்ல" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, ரோஸ்லின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரி மூச்சு விட்டேன். அப்போதுதான் கையில் ரோஸ்லினின் கை இல்லை என்று தெரிந்தது. அவள் எதிரிலேயே, படிக்கத் தெரியாது என்று ஊராரிடம் சொல்லியிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு தடவை, என் பாரத்தை இறக்க ஒரு தடவை. இரண்டுக்கும் அவள்தான் கிடைத்தாள்.

வீடு வரை ஸ்டெல்லாவோடு முன்னால் நடந்தாள். தட்டைப்பயறு குழம்பில் உப்பு அதிகம். யாரும் குறை சொல்லவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

பனி இல்லை. இவர் முதல் பஸ்ஸுக்கு வெள்ளிமலை போய்விட்டார். போகும்முன் ரோஸ்லினிடம் ஏதோ பேசினார், என்னவென்று நான் கேட்கவில்லை.

செபம் முடிந்தது. ஸ்டூல் காலி. அந்தோணி ஏறப்போனான், ஸ்டெல்லா சட்டையைப் பிடித்து இழுத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நான் பாயில் உட்கார்ந்தேன். காலையில் அங்கே உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. ரோஸ்லினிடம், அடிச்சது தப்பு, சொல்லிக்குடுத்ததும் தப்பு, கோயில் வாசல்ல உன்ன வெச்சிகினு சொன்னதும் தப்பு என்றேன். பிள்ளைகள் எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். அவள் பாய்க்கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து சுவரோரம் போனாள். ஸ்டூலில் ஏறவில்லை. எக்கி நின்று திங்கள் கட்டத்தில் விரலை வைத்தாள். அந்த வாசக ராகம் இல்லை, குரலே வேறாக இருந்தது.

"கா... லை." நின்றாள். "சா..." நின்றாள். ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோஸ்லின் திரும்பி என்னைப் பார்த்தாள். "ம்மா, இது இன்னா எழுத்து?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் கேட்கிறாள். எழுந்து போய்ப் பார்த்தேன். மை. சொன்னேன்.

"சா... மை." அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்தினாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, குட்டிகூடத் தட்டைத் தொடவில்லை.