ஊரைத் தொடாமல் ஒரு வழி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பியும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஒரு வாரம் மலையில் போய்த் தங்கி வரலாம் என்று கிளம்புகிற அளவுக்குச் சுகம் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். போனில் பேசாமல் கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடுதாசிக்கு மீட்டிங் கிடையாது. நம் லாரி பைப் லோடு ஏற்றிக்கொண்டு உன் பக்கம்தான் வருகிறது, டிரைவர் ஸ்டெப்னி கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அவன்மேல் கோபப்படாதே. சின்ன வயதில் அவன் தொப்பையைப் பார்த்து ஸ்டெப்னி என்று பேர் வைத்தவளே நீதான், இன்றைக்கும் நீ கேட்டால் எதையும் செய்வான். டிரைவருக்குத்தானே ரோடு தெரியும் என்று நீ அவனுக்குப் போன் செய்து, ஊருக்குள் நுழையாமல் வடக்கே போக எது நல்ல வழி என்று கேட்டிருக்கிறாய். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் கடைக்கு வந்து, “மொதலாளி, பாப்பா சொல்லாம கொள்ளாம வருது போல. ரோடெல்லாம் விசாரிக்குது. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க” என்று காதைக் கடித்தான். அவன் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். உள்ளே குழாய்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவுக்குக் கேட்காதா? மாடி வீட்டுக்குப் போய் முன்னறைத் திரையை எல்லாம் கழற்றித் துவைக்கப் போட்டாள். எந்த ரோடு கேட்டாய் என்று நான் ஸ்டெப்னியிடம் விசாரித்தேன். ஊருக்கு வருகிறவள் ஊரைத் தொடாத வழியை எதற்குக் கேட்கிறாள்? உன் தம்பியை உட்காரவைத்துக் கேட்டேன், மென்று முழுங்கி உண்மையைச் சொன்னான். நீங்கள் நண்பர்கள் நாலு குடும்பமாக மலைக்குப் போகிறீர்கள், நடுவிலே நம் ஊர் குறுக்கே வருகிறது, அவ்வளவுதான். இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லி நான் வியாபாரம் செய்ததில்லை, உன் அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். “ஊருக்குள்ள டிராபிக்கு அப்படி. கொழந்தைய வச்சிக்கிட்டு என்ன பண்ணுவா, பாவம்” என்று உனக்காக அவளே பேசிவிட்டு, ஈரம் காயாத திரையை எடுத்துத் திரும்ப மாட்டினாள். இரண்டு நாளாக முன்னறையில் ஈர வாடை.

நாலு வருஷமாக இந்த டிராபிக் கதையை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதே டிராபிக்கில்தான் நான் தினமும் கடை திறக்கிறேன். உன் கோபம் என்ன என்று எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்றதும், வந்திருந்தவர்கள் முன்னால் உன் அம்மா, “மாப்பிள்ளை அடுப்படில, பொண்ணு ஆபீஸ்ல. நல்லா இருக்கு ஏவாரம்” என்றாள். நீ தட்டை வைத்துவிட்டு எழுந்தவள்தான். அது கேவலமான பேச்சு, அன்றைக்கே அவளிடம் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். அவருக்குக் கோபம் வந்தால் நியாயம், ஆனால் அவர் பொங்கலுக்குப் பொங்கல் என்றில்லாமல் மாசம் தவறாமல் எனக்குப் போன் செய்து உடம்பை விசாரிக்கிறார். கோபம் என்றால் கோபம் என்று சொல்லிவிடு. விலை அதிகம் என்று சொல்கிற ஆளிடம் நான் பேசிப் பார்க்கலாம், அப்புறம் வருகிறேன் என்று சிரித்துவிட்டுப் போகிறவனிடம் என்ன பேசுவது? நீ என்னை அந்த மாதிரிதான் கடை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறாய்.

சரி, ரோடு கேட்டாய், ரோடு சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் கிளம்பு. போனில் காட்டுகிற மேப்பை நம்பினால் பத்து நிமிஷம் மிச்சம் என்று ஏதாவது மார்க்கெட் தெருவுக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிடும், பிறகு மாட்டிக்கொண்டு முழிப்பாய். முதல் டோல்கேட் தாண்டியதும் மேம்பால வேலை நடக்கிறது, அங்கே சர்வீஸ் ரோட்டில் வண்டிகள் எதிரும் புதிருமாக வரும், அவசரப்படாதே. கல் குவாரிப் பக்கம் வேகத்தடைக்கு வெள்ளை அடிக்கவில்லை, டிப்பர்காரன் எவனும் கண்ணாடி பார்த்து ஓட்டுவதில்லை. சாப்பிட்டவுடன் மாப்பிள்ளை கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்காதே, மனுஷன் தூங்கிவிடுவார். பேத்திக்கு வளைவில் குமட்டும், கிளம்புமுன் வயிற்றில் எதையாவது அடைத்துக் கூட்டிக்கொண்டு போகாதே. இந்த வழியில் வந்தால் பெரிய கவலையில்லாமல் நம் ஊர் பைபாஸில் ஏறிவிடலாம்.

அந்த பைபாஸ் ஓரத்தில்தான் நம் குடோன். பகலில் லாரியை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால் எல்லாச் சரக்கையும் அங்கே இறக்கி, சின்ன வண்டியில் மாற்றித்தான் கடைக்குக் கொண்டுவருகிறோம். உன் டிராபிக்குக்கும் அதுதான் மருந்து என்று நினைத்தேன். நீ ஊருக்குள்ளேயே வர வேண்டாம், நான் உன் அம்மாவைக் குடோனுக்குக் கூட்டிவருகிறேன், ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு நீ உன் வழியே போகலாம். இதை அவளிடம் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நான் என்ன குடோன்ல எறக்கிப் போட்ட சரக்கா, போற வழியில அவ வந்து பாத்துட்டுப் போக? எனக்கு வீடு இருக்கு. வந்தா வீட்டுக்கு வரட்டும்.” அவ்வளவுதான். ஆயுசில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதவள் உன்னிடம் மட்டும் கேட்டுவிடுவாளா என்ன. நீயும் அவளை உரித்துவைத்த மாதிரி பிறந்திருக்கிறாய், நடுவில் அரைபடுவது நான்.

ஆனால் நேற்றுக் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சும்மா கேட்கிற மாதிரி, “குடோன் மாடிலேர்ந்து பாத்தா பைபாஸ் தெரியுமாங்க?” என்றாள். தெரியும் என்றேன். “உங்க பொண்ணு வண்டி என்ன கலரு?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. சொந்த மகள் ஓட்டுகிற வண்டி என்ன நிறம் என்று தகப்பனுக்குத் தெரியவில்லை. வெள்ளை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ரோட்டில் முக்கால்வாசி வண்டி வெள்ளைதான்.

அதனால் இதை மட்டும் கேட்டுக்கொள். வருவதாக இருந்தால் குடோன் தாண்டி இடது பக்கம் இறங்கி நேராக வீட்டுக்கு வா, காலையில் கடைகள் திறப்பதற்கு முன்னால் அந்தத் தெரு காலியாகத்தான் கிடக்கும். வரப்போவதில்லை என்றால் பைபாஸுக்கே வராதே. ஊருக்கு வெகு முன்னால் ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் கிழக்கே ஆற்றோரமாகத் திரும்பிவிடு. சுற்றுதான், ரோடும் சுமார்தான். இருந்தாலும் அந்தப் பக்கமே போய்விடு. வெயிலில் மாடியில் நின்றுகொண்டு போகிற வெள்ளை வண்டி ஒவ்வொன்றையும் நீதானோ என்று அவள் பார்ப்பதை என்னால் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது.

எந்த வழியில் போனாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, குழந்தை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. கிளம்புவதற்கு முந்தின நாள் நாலு டயருக்கும் காற்றுப் பார்த்துவிடு. ஸ்டெப்னி திரும்பிவரும்போது எந்த ரோடு என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்லி அனுப்பு. இந்தத் தடவை என் காதில் மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா