ஷெட்டுச் சத்தத்தில் கேட்ட காது

இன்றைக்கு ஆடிக் கிருத்திகை. காவடிக்காரர்கள் நம் தெருவையே அடைத்துக்கொண்டு போகிறார்கள். பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூட விளங்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உன் ஞாபகம் வந்துவிட்டது. இந்த மாதிரி இரைச்சலில்தானே உனக்குக் காது நன்றாகக் கேட்கும்! நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாரடைப்பு என்றார்கள். உனக்கு எதுக்குடி இவ்வளவு அவசரம்?

ஆர்.கே.பேட்டை விசைத்தறி ஷெட்டில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த தறி. தறிகள் ஓட ஆரம்பித்தால் நாங்களெல்லாம் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்வோம். உனக்கு அது தேவையே இல்லை. ரெண்டு தறி தள்ளி நின்று ஒருத்தி கத்தினாலும் டக்கென்று பதில் சொல்வாய். "இவளுக்குப் பாம்புக் காது" என்பார் முதலாளி.

அந்தப் பேர்தான் உனக்கு வினையாக வந்தது. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, வீட்டில் கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை. ராத்திரி குழந்தை வீறிட்டு அழுதும் நீ எழுந்திருக்கவில்லை. உன் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டார். பால் குடிக்க மட்டும்தான் அது உன் மடிக்கு வந்தது. காது கேட்கவில்லை என்று நீ சொன்னதை யார் நம்பினார்கள்?

"ஷெட்டுல ஊசி விழுந்தா கேக்குதாம், வூட்டுல மட்டும் கேக்கலியாம். செவிடுன்னா கத்திப் பேசமாட்டாளா? இவ இன்னாடான்னா குசுகுசுன்னு பேசிகினு கீறா. எல்லாம் திமிரு!" என்று உன் மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் என்ன சொல்லி மறுப்பது? அது எப்படி என்று எனக்கும்தான் விளங்கவில்லை.

நீ மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளா? "டாக்டர்கிட்ட போலாம். நீங்களும் வாங்க அத்தை, அவங்க இன்னா சொல்றாங்கன்னு நீங்களே கேளுங்க" என்று மாமியாரையே சென்னைக்கு ரயிலேற்றினாய். துணைக்கு நான்.

அந்த டாக்டரம்மா ரெண்டு பல் வைத்த கவை மாதிரி ஓர் இரும்பைத் தட்டி உன் காதுக்கு எதிரே பிடித்தார். கேட்கவில்லை என்று தலையாட்டினாய். அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். "ஆங், கேக்குது!" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே, "சத்தமான எடத்துல உங்களுக்கு நல்லாக் கேக்குமே?" என்றார்.

நீ பொலபொலவென்று அழுதுவிட்டாய். நீ வாயைத் திறந்து சொல்லாமலே ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறதே!

"உள்காது நல்லா இருக்குதும்மா. அதுக்கு முன்னாடி மூணு குட்டி எலும்பு ஒண்ணோட ஒண்ணு கோத்துகினு இருக்கும். கடைசி எலும்பு குருணையை விடச் சின்னது. அது அசைஞ்சு தள்ளினாத்தான் உள்காதுல இருக்கிற தண்ணி அசையும், சத்தம் கேக்கும். உங்களுக்கு அது இறுகிப்போச்சு" என்றார். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு இது அதிகமாகுமாம். தறிச் சத்தம் உனக்குக் குறைவாகத்தான் கேட்கும்; அதை மீறி நாங்கள் கத்துகிற கத்தல் காதில் விழுந்துவிடும். உன் சொந்தக் குரலோ எலும்பு வழியாகவே உள்ளே போய்ப் பெரிதாகக் கேட்கும். அதனால்தான் நீ மெதுவாகப் பேசியிருக்கிறாய்.

ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு இப்போது கேட்கிற கொஞ்சமும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. "வேணாம்மா, இருக்கறது போதும்" என்று மாமியாரே உன் கையைப் பிடித்தார். "கொழந்த அழறது கேக்காத காதை வெச்சுகினு நான் இன்னா பண்றது அத்தை?" என்றாய். நீ அசையவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, நீ விழித்திருக்கும்போதே அந்த எலும்பை எடுத்துவிட்டு மாற்று வைத்தார்கள். "கேக்குதாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "கேக்குது, கத்தாதீங்க" என்றாயாம். நர்சுகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நீ வீட்டுக்கு வந்த அன்று மாமியார் குழந்தையோடு நின்றார். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவரால். நானாக இருந்தால் பிடி பிடியென்று பிடித்திருப்பேன். நாலு வார்த்தை கேட்கத்தான் கூடவே வந்தேன் என்று வைத்துக்கொள். நீ குழந்தையை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டு, "நீங்களும் எங்ககூடவே படுங்க அத்தை. நான் அசந்துட்டா எழுப்புங்க" என்றாய். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உன் மனசு யாருக்குடி வரும்?

எனக்கு இப்போது காது மந்தம். இத்தனை வருஷத் தறிச் சத்தத்தில் உள்காதே கெட்டுப்போயிருக்கிறதாம். எலும்பை மாற்றிச் சரிசெய்கிற விஷயம் இல்லை. மருமகள் ஏதாவது சொல்லி எனக்கு விளங்காமல் போனால், "இன்னாத்துக்கு மொணமொணக்கற?" என்று பாயத்தான் வாய் வரும். என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. அந்த நேரத்தில் உன்னை நினைத்துக்கொள்வேன். கோபம் இறங்கிவிடும்.

நேற்றும் அப்படித்தான். "எனக்குக் கேக்கல கண்ணு, கிட்ட வந்து சொல்லு" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நான் முழுகாம இருக்கேன் அத்தை" என்று இன்னொரு தடவை சொன்னாள்.